மாரிசெல்லிடம் நான் சொன்னது

கதிர்,

"ரெண்டு நாளா அவ ஸ்கூலுக்கு வரல. இப்ப உனக்குச் சந்தோஷமாம்மா?" என்று நீ அனுப்பியிருந்த செய்தியை நேற்று கடையில் உட்கார்ந்து படித்தேன். யாரோ ஒரு மாணவருடைய ஆய்வேட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அதற்கப்புறம் கை ஓடவில்லை. உனக்குப் பதில் அனுப்பலாம் என்று போனை எடுத்து எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், அழித்தேன். ஒரு வரியில் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. அதனால் இன்றைக்கு மத்தியானம் கடைக்கு ஆள் வராத நேரம் பார்த்து, ஊரார் எழுத்தையெல்லாம் அடித்துக் கொடுக்கிற இந்தக் கணினியிலேயே என் மகனுக்கும் ஒரு கடிதம் அடித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் போகும். பொறுமையாகப் படி. உன்னைப் போல அங்கே தொண்டு செய்ய வந்திருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் வேண்டுமானால் படித்துச் சொல். எனக்கு இதில் மறைக்க ஒன்றுமில்லை. மறைத்த வரைக்கும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சென்னையில் நல்ல வேலையை விட்டுவிட்டு, பிலிப்பைன்ஸில் புயல் அடித்துப் போட்ட ஒரு கடற்கரை ஊருக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரப்போகிறேன் என்று நீ சொன்னபோது உன் அப்பா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. நான்தான் "போய்ட்டு வாடா" என்றேன். "லீனா அக்கா எனக்குச் செஞ்சத நான் யாருக்காவது செய்யணும்மா" என்று நீ சொன்னாய். சுனாமி சமயத்தில் உன்னைப் பார்த்துக்கொண்ட அந்த லீனாவைத்தான் சொன்னாய். அவளைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, அப்போது சொல்ல மனசு வரவில்லை. நீ அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்.

போனதிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுவாய். கடலைக் காட்டுவாய், இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிய அந்த ஊர்ப் படகுகளைக் காட்டுவாய். அதைப் பார்க்கும்போது மட்டும் உன் அப்பா பக்கத்தில் வந்து நிற்பார். அப்படித்தான் மாரிசெல்லைப் பார்த்தேன். பெயரைக் கேட்டபோது நம் ஊர் மாரிச்செல்வியைத்தான் நீ சுருக்கிக் கூப்பிடுகிறாயோ என்று நினைத்தேன். எட்டு வயதிருக்கும். புயலில் அப்பாவை இழந்தவள், அம்மா வளைகுடா நாட்டில் ஏதோ வீட்டில் வேலைக்கு இருக்கிறாள், கருவாடு காயவைத்து விற்கிற சித்தி வீட்டில் வளர்கிறாள் என்று சொன்னாய். பள்ளிக்கு முதலில் வருகிறவளும் அவள்தான், கடைசியில் போகிறவளும் அவள்தான் என்றாய். நீ என்னோடு பேசுகிறபோதெல்லாம் உன் தோளுக்குப் பின்னால் அவள் தலை தெரியும். உன்னை "கூயா, கூயா" என்று கூப்பிடுவாள். அந்த ஊரில் அண்ணனுக்கு அதுதான் சொல்லாமே. எனக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. ஒரு வாரம் கேட்காவிட்டால் "எங்கடா அவ?" என்று நானே கேட்பேன்.

இந்த ஞாயிற்றுக்கு முந்தின வாரம் நீ தனியாகக் கூப்பிட்டாய். பழைய கம்பெனியிலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள், அடுத்த மாதம் வந்துவிடுவேன் என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். "புள்ளைங்ககிட்ட சொல்லிட்டியாடா?" என்று கேட்டேன். அப்போது நீ சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது.

"இல்லம்மா, சொல்லக் கூடாது. எங்க அமைப்புல அதான் ரூல். சொன்னா புள்ளைங்க டிஸ்டர்ப் ஆயிடும், படிப்பு கெட்டுடும். அன்னைக்கி அவுங்கள எங்கியாவது வெளிய கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. அந்த நேரத்துல நான் கெளம்பிடுவேன். சாயந்தரம் புது ஆள் வந்துடுவாரு."

"அந்தப் பொண்ணு?"

"மறந்துடுவாம்மா. சின்னப் புள்ளைங்க மறந்துடும். லீனா அக்கா போனப்ப நான் அழுதனா இன்னா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லியே. அவுங்ககூட இருந்த சந்தோஷந்தான் ஞாபகம் இருக்கு."

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு நீ கூப்பிட்டபோது அவள் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நீ உன் அப்பாவிடம் பேசிவிட்டுப் போனை என்னிடம் தரச் சொன்னாய். அவள் திடீரென்று முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "மதர்... கூயா கோ ஹோம்?" என்று என்னைக் கேட்டாள். யாரோ பெரியவர்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். இல்லை, பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடும் போல. நீ அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அவளுக்குப் புரியாத தமிழில் என்னிடம், "இல்லன்னு தலைய ஆட்டும்மா, சும்மா ஆட்டு" என்றாய். நான் அவள் கண்ணைப் பார்த்தேன். உன்னை நம்பாமல்தான் அந்தக் குழந்தை என்னைக் கேட்கிறது என்று புரிந்தது. கூட இருக்கிறவர்கள் பொய் சொல்லக்கூடும், எங்கோ தூரத்தில் இருக்கிற கிழவி எதற்குப் பொய் சொல்லப் போகிறாள் என்று நினைத்திருப்பாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "எஸ் கண்ணு. நெக்ஸ்ட் மந்த்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. எழுந்து போய்விட்டாள். நீ "அம்மா!" என்று ஒரு சத்தம் போட்டாய். அவ்வளவுதான், திரை அணைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற உன் அப்பா, "யாரக் கேட்டு நீ சொன்ன? அவன் பாத்துக்க மாட்டானா? ஊரு உலகத்துல இல்லாத நாயம் உனுக்கு மட்டும் ஜாஸ்தி" என்று கத்தினார். ஏன் சொன்னேன் என்று உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

லீனா போனபோது நீ அழுதாயா என்று என்னைக் கேட்டாய் அல்லவா? அதைச் சொல்கிறேன்.

சுனாமி வந்தபோது நாம் தேவனாம்பட்டினத்தில் இருந்தோம். உனக்கு அப்போது ஆறு வயது முடியவில்லை. படகும் வலையும் வீடும் போயின. உன் தங்கை அபியும் போனாள். அவளைப் பற்றி இந்தக் கடிதத்தில் இதற்குமேல் எழுத என்னால் ஆகாது. தகரமும் தார் ஷீட்டும் வைத்துக் கட்டிய தற்காலிகக் கொட்டகை ஒன்றை நமக்குக் கொடுத்தார்கள். நான் அதற்குள் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். பக்கத்துக் கொட்டகைப் பெண்கள் கஞ்சியைக் கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போவார்கள். நீ ஒருவன் இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உன் பக்கம் முகத்தைத் திருப்ப முடியவில்லை. உன்னைப் பார்த்தால் உன் பக்கத்தில் நிற்காதவள்தான் எனக்குத் தெரிந்தாள். நீயும் பேச்சை நிறுத்திவிட்டாய். கேட்டால் தலையை ஆட்டுவாய், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். அரிசி கொடுத்தவர்கள், கூடாரம் கொடுத்தவர்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. பிள்ளைகளுக்காக ஒரு பெரிய பந்தல் போட்டு, பகலெல்லாம் அங்கே வைத்துப் பாட்டும் படிப்பும் சொல்லிக்கொடுத்தார்கள். லீனா அங்கேதான் வந்தாள். ஜெர்மனிக்காரப் பெண். இப்போது உனக்கு என்ன வயதோ அதைவிடக் குறைவாகத்தான் அவளுக்கு இருந்திருக்கும். யாருடையதோ தொளதொள சுடிதாரைப் போட்டுக்கொண்டு, வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, "சாப்டியா? கை களுவு" என்று அவளுக்குத் தெரிந்த தமிழைச் சொல்லிக்கொண்டு திரிவாள். பிள்ளைகள் சிரிக்கும். நீ சிரிக்க மாட்டாய். அவள் உன்னைப் பேசச் சொல்லவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து படகாக வரைந்துகொண்டிருப்பாளாம். ஒருநாள் அவள் வரைந்த படகுக்குச் சுக்கான் இல்லை என்று நீ கையைக் காட்டிச் சொன்னாயாம். அதுதான் நீ மறுபடி பேசிய முதல் பேச்சு. பக்கத்துக் கொட்டகைக்காரி ஓடிவந்து என்னிடம் சொன்னாள். நான் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் நீ அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தாய். அடிபம்பில் உன்னைக் குளிப்பாட்டினாள், நகம் வெட்டிவிட்டாள், தலை வாரிவிட்டாள். உன்னைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் பக்கம் போனாள். முதலில் மணல் வரைக்கும், பிறகு ஈரம் வரைக்கும். உன் காலில் அலை பட்ட அன்றைக்கு அவள் கைதட்டிக் குதித்ததைப் பார்த்து ஊரே சிரித்ததாம். அவள் செய்ததெல்லாம் நான் செய்ய வேண்டியவை. அவள் இல்லாவிட்டால் அந்த வருடத்தை நீ எப்படித் தாண்டியிருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதே.

பல மாதங்கள் கழித்து ஒருநாள் காலை, பிள்ளைகளையெல்லாம் பிச்சாவரத்துக்குப் படகு சவாரிக்குக் கூட்டிப்போகிறோம் என்று பஸ் வந்து நின்றது. தண்ணீரில் ஏறமாட்டேன் என்று நீ அழுதாய். லீனா உன்னிடம் குனிந்து, "போ. பாரு. வந்து எனக்கு சொல்லு" என்றாள். பஸ் சத்தத்துக்கு நானும் எழுந்து கொட்டகை வாசலுக்கு வந்திருந்தேன், அதனால் அதை என் காதால் கேட்டேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாய். பஸ் வளைவில் திரும்பியதும் ஒரு ஜீப் வந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. நேராக என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். உன் பெயர் மட்டும்தான் புரிந்தது. அப்புறம் ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள். சொல்லாமல் போகச் சொல்லி அவளுக்கும் யாரோ ரூல் சொல்லியிருப்பார்கள்.

சாயந்தரம் பஸ் வந்தது. நீதான் முதலில் குதித்தாய். உனக்கு வாய் கொள்ளாத பேச்சு. மரத்துக்கு நடுவில் படகு போயிற்று, கொக்கு இருந்தது, தண்ணீரில் கை விட்டேன், பயமே இல்லை என்று யாரிடமும் நிற்காமல், சொல்லிக்கொண்டே அவள் இருந்த அறைக்கு ஓடினாய். அங்கே வேறொருவர் பையைப் பிரித்துத் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "ஹலோ" என்று சொல்லி உன்னிடம் சாக்லேட்டை நீட்டினார். நீ வாங்கவில்லை. ஒவ்வொரு கொட்டகையாகப் போய் எட்டிப் பார்த்தாய். "அக்கா எங்க?" என்று எல்லோரையும் கேட்டாய். "ஊருக்குப் போயிருக்காங்கடா, வந்துடுவாங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். பந்தலில் இருந்த டீச்சர் சொன்னாள், உன் அப்பா சொன்னார், நானும் சொன்னேன். நீ அழவில்லை, கதிர். உன் ஞாபகம் சரிதான். ஒரு சொட்டுக்கூட நீ அழவில்லை.

அடுத்த நாளிலிருந்து நீ நல்ல பிள்ளை ஆகிவிட்டாய். போட்டதைச் சாப்பிட்டாய். கூப்பிடுவதற்கு முன்னால் குளித்தாய். பந்தலில் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்தாய். நகத்தை வெட்டச் சொல்லி நீயே போய்க் கையை நீட்டுவாய். வந்தவர் போனவரெல்லாம் உன்னைத்தான் காட்டிப் பேசினார்கள். "பையன் தேறிட்டான்" என்று உன் அப்பா சொன்னார். எனக்குக்கூட அது ஒரு நிம்மதியாக இருந்தது. அந்தக் கொட்டகையில் ஒருவராவது தேறினோமே என்று நினைத்தேன்.

லீனா போய்ச் சில மாதம் ஆகியும் உன் அப்பாவுக்குத் திரும்பக் கடலுக்குப் போக மனசு வரவில்லை. சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருந்த உறவுக்காரர் ஒருவர் கூப்பிட்டார். போய்விடுவது என்று முடிவு செய்தோம். சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மினி லாரியில் ஏற்றிவிட்டு உன்னைக் கூப்பிட்டால் நீ வரவில்லை. உன் அப்பா கையைப் பிடித்து இழுத்தார். நீ அவர் கையைக் கடித்துவிட்டு நடுரோட்டில் மல்லாந்து விழுந்தாய். அத்தனை மாதமாகச் சத்தமே காட்டாத பிள்ளை, தொண்டை கிழியக் கத்தினாய்.

"நாம போயிட்டா அக்கா வந்து தேடுவாங்க! நான் வர மாட்டேன்!"

"அவுங்களுக்கு அட்ரஸ் சொல்லிக்கலாம், எழுந்திருடா" என்றார் உன் அப்பா.

"நான்தான் இப்ப நல்ல பையனா இருக்கன்ல? அப்புறம் ஏன் இன்னும் வரல? நான் அடிச்சதாலதான் போயிட்டாங்க!"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ரோட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். விக்கி விக்கி நீயே சொன்னாய். அவள் போவதற்கு முதல் நாள் உனக்கு நகம் வெட்டியபோது வலித்திருக்கிறது. நீ அவள் கன்னத்தில் அறைந்திருக்கிறாய். அவள் அழுதிருக்கிறாள். மறுநாள் கிளம்பப் போகிறவள், எதற்கு அழுதாளோ யார் கண்டது. நீ அறைந்ததால்தான் அழுதாள், அதனால்தான் போய்விட்டாள் என்று நீயாக முடிவு செய்து, அவளைத் திரும்ப வரவழைக்கத்தான் அத்தனை மாதமாக நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறாய். அப்போதுதான் நீ அடுத்ததைக் கேட்டாய்.

"பாப்பாவும் நான் திட்டுனதாலதான் போயிட்டாளா?"

அன்றைக்குக் காலையில், அலை வருவதற்கு முன்னால், பொம்மைக்காக நீ அபியோடு சண்டை போட்டிருந்தாய். "போ, எங்கியாவது போயிடு" என்று சொல்லியிருந்தாய். எந்த வீட்டிலும் எந்த அண்ணனும் தங்கையிடம் சொல்கிற வார்த்தைதான். ஆறு வயதில் நீ அதையும் சேர்த்து உன் தலையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாய். பாப்பா எங்கே என்று நீ கேட்டபோதெல்லாம், "சாமிகிட்ட போயிருக்கா, வந்துடுவா" என்றுதான் நாங்கள் உனக்குச் சொல்லியிருந்தோம். லீனாவைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் உன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பாப்பா செத்துப் போயிட்டாடா. தண்ணி வந்துச்சு, செத்துப் போயிட்டா. நீ ஒண்ணும் பண்ணல. அக்கா அவுங்க ஊருக்கே போயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க. அதுவும் உன்னால இல்ல" என்று சொன்னேன். அபி செத்துப் போய்விட்டாள் என்று நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. நீ என்னை அடித்தாய். முகத்தில், நெஞ்சில், கைக்குக் கிடைத்த இடத்திலெல்லாம். "பொய்க்காரி, பொய்க்காரி" என்று கத்திக்கொண்டே அடித்தாய். உன் அப்பா பிடிக்க வந்தார், நான்தான் வேண்டாம் என்று சொன்னேன். அடித்து ஓய்ந்த பிறகுதான் அழுதாய். லாரி புதுச்சத்திரம் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்து என் மடியில் தூங்கிப்போனாய்.

சிதம்பரம் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பாயில் சிறுநீர் கழித்தாய். யாராவது இரண்டு நாள் வீட்டில் தங்கிவிட்டுக் கிளம்பினால் அவர்கள் செருப்பை ஒளித்து வைப்பாய். நான் மாவு அரைக்கப் போய் வரத் தாமதமானால் வாசலில் நின்று கத்துவாய். மூன்றாம் வகுப்பில் ஒரு பையனின் பல்லை உடைத்துவிட்டாய். "இந்தப் புள்ளைய வச்சிக்கினு நாங்க இன்னா பண்றதும்மா?" என்று டீச்சர் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஆனால் உள்ளுக்குள் பயமில்லை. கைகட்டி உட்கார்ந்திருந்த அந்த நல்ல பிள்ளையைவிடச் சண்டை போடுகிற பிள்ளை எனக்குப் புரிந்தது. மெல்ல மெல்ல அது அடங்கியது. பெரிய பள்ளிக்கூடம் போன பிறகு லீனா அக்காவைப் பற்றி நீ நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வதைக் கேட்டேன். படகு வரைந்தது, அலையில் கால் வைத்தது, கைதட்டிக் குதித்தது, இவ்வளவுதான் உன்னிடம் மீதி இருந்தது. மற்றதெல்லாம் எங்கோ போயிருந்தது. போனது போகட்டும், இருக்கிற நல்லதை நாமேன் கெடுக்க வேண்டும் என்று நானும் உன் அப்பாவும் விட்டுவிட்டோம். நீ பிலிப்பைன்ஸுக்குக் கிளம்பியபோதாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் விட்டுவிட்டேன்.

நேற்று இரவு சாப்பிடும்போது இதை உனக்கு எழுதப்போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். "எதுக்குடி இப்ப அதக் கெளர்ற?" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "சொல்லிட்டுப் போனா மட்டும் வலிக்காதா? போறவன் போயிடுவான். இருக்கறவளுக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார். வலிக்கத்தான் செய்யும். சொன்னதனால் அந்தப் பெண் இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ, என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்று எனக்கும் சோறு இறங்கவில்லை. நான் செய்தது சரி என்று வாதாட இதை எழுதவில்லை. அவளிடம் அதைச் சொல்ல வேண்டியவன் நீ. உன் வாயிலிருந்து வர வேண்டியதை நான் முந்திக்கொண்டு, தப்பும் தவறுமான இங்கிலீஷில், முகத்துக்கு நேரே போட்டு உடைத்துவிட்டேன். அதற்கு நீ என்னைக் கோபித்துக்கொள்வது நியாயம். ஆனால் அந்தக் குழந்தை என்னைப் பார்த்துக் கேட்டபோது, இன்னொரு பிள்ளையிடம் இன்னொரு தடவை அதே பொய்யைச் சொல்ல என் தலை ஆடவில்லை.

நீ திரும்பி வருவதில் ஒரு தப்பும் இல்லை. உனக்கு வேலை இருக்கிறது, வாழ்க்கை இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். எந்த அண்ணனும் எந்த ஊரிலும் காலம் முழுக்க உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் இருக்கிற நாட்களில் அவள் வீட்டுக்குப் போ. சித்தியிடம் முதலில் பேசு, பிறகு அவளிடம் பேசு. எப்போது போகிறாய், எதற்குப் போகிறாய் என்று மறைக்காமல் சொல். திரும்ப வருவேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, டிக்கெட் கையில் இல்லாமல் அந்த வார்த்தையைச் சொல்லவே சொல்லாதே. அவள் எந்தத் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கேள். உடனே சொல்ல மாட்டாள். ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். கணக்குத் தப்பாகப் போட்டிருப்பாள், உன் பேனாவைத் தொலைத்திருப்பாள், நமக்குச் சிரிப்பு வருகிற மாதிரி ஏதாவது. சிரித்துவிடாதே. மற்றப் பிள்ளைகளுக்கும் நீயே சொல். உன் அமைப்பில் திட்டினால் திட்டட்டும், கடைசி மாதத்தில் உன்னை அவர்கள் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

இந்த இடத்தில் அடிப்பதை நிறுத்திவிட்டேன். உன்னிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. "அவ வீட்டுக்கு வந்திருக்கேன். என்னப் பாத்ததும் செருப்ப எடுத்து அடிச்சிட்டா. இப்ப உள்ள போயி அழுவுறா. அவ சித்தி என்னப் போவச் சொல்றாங்க. இன்னா பண்றதும்மா?"

நான் கடையில் தனியாக உட்கார்ந்து, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்து, வாய்விட்டு அழுதுவிட்டேன். பிரிண்ட் எடுக்க வந்த ஒரு பையன் என்னைப் பார்த்துவிட்டு, அப்புறம் வரேன் என்று சொல்லாமலே திரும்பிப் போய்விட்டான். என் கடிதம் வந்து சேர்வதற்கு முன்னாலேயே, நான் சொல்லாமலேயே நீ போய்விட்டாய். போகாமல் இருந்திருப்பாயோ என்று பயந்துகொண்டே இவ்வளவு நேரம் இதை அடித்துக்கொண்டிருந்தேன்.

செருப்பால் அடித்தாளே என்று வருத்தப்படாதே. அவள் கைகட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன். அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது, அந்தக் கோபத்தை உன் மேலேயே கொட்ட நீ எதிரில் நிற்கிறாய். உனக்கு அன்றைக்கு லீனா எதிரில் கிடைக்கவில்லை. சித்தியிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு வாசலில் உட்கார். கதவைத் தட்டாதே, சமாதானம் பேசாதே, போனைப் பார்க்காதே. அவள் வெளியே வருவாளோ மாட்டாளோ எனக்குத் தெரியாது, வந்து மறுபடியும் அடிக்கவும் செய்யலாம். இன்றைக்கு வராவிட்டால் நாளைக்கும் போய் உட்கார். நீ கிளம்புகிற நாள் வரைக்கும் அவளுக்கு நேரம் இருக்கிறது.

அம்மா